கூடையில் தைத்த அம்பு

அம்பு அறைப் பொறுப்பை ஏற்க வந்திருக்கும் உங்களுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குக் குறி தவறாத கண் தேவையில்லை. நான் நல்ல வில்லாளி அல்ல. என் அம்புகளில் குறிப்பலகையில் தைத்தவற்றைவிடத் தேயிலைச் செடிகளுக்குள் மறைந்தவையே அதிகம். இந்த வேலைக்கு வேண்டியது எளிதில் நம்பாத மனம். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாதீர்கள். புது அம்பு என்பதால் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். உயரமான ஆளுக்கெல்லாம் கை நீளம் என்று எண்ணிவிடாதீர்கள். "என் அளவு எனக்குத் தெரியும்" என்று சொல்பவரை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகியுங்கள்.

எழுபதுகளில் நான் இந்தத் தேயிலை எஸ்டேட்டின் வில்வித்தைக் கிளப்புக்குக் கிராணியாக, அதாவது எழுத்தராக, வந்தபோது எங்களிடம் இருந்தவை மர அம்புகள். கேமரன் மலைப் பனியில் மரம் ஊறும். ஊறிய மரம் வளையும். சனிக்கிழமை நேராக இருந்த அம்பு அடுத்த சனிக்கிழமை வெயிலில் கிடந்த வாழைத்தண்டுபோல் கோணியிருக்கும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். ஆலையில் தேயிலையைக் காயவைக்கும் அடுப்பறையின் சுவரில் ஒரு சட்டம் அடித்து, அம்புகளை அதில் தொங்கவிட்டோம். எல்லாம் கம்பி போல் நேராயின. எங்கள் சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கொண்டோம். நேராக இருக்கிறதே என்று யாரும் அவற்றைத் தொட்டு வளைத்துப் பார்க்கவில்லை. ஒருநாள் மாலை ஆலைக் கொல்லர் நாணை விட்ட கணத்தில் அம்பு நடுவில் பிளந்து, ஒரு மரச் சிலாம்பு அவருடைய முன்கையில் ஏறியது. தானா ராத்தா ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். காயும் அளவு மீறினால் தேயிலையே கருகும்போது மரம் மட்டும் எப்படித் தாங்கும்? அன்று முதல் ஒவ்வொரு அம்பையும் காதருகே பிடித்து, மெல்ல வளைத்து, விரிசல் சத்தம் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வெளியே கொடுப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அம்பிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

பிறகு அலுமினியக் குழாய் அம்புகள் வந்தன. பனித் தொல்லை போயிற்று, வேறு தொல்லைகள் வந்தன. அம்பைத் தேர்ந்தெடுப்பது பற்றி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நீளம். ஆள் நாணை முழுதாக இழுத்து நிற்கும்போது அம்பின் முனை வில்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குட்டையான அம்பை நீண்ட கைக்காரர் இழுத்தால் முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில் பிடித்த கையின் மேல் விழும். அடுத்தது விறைப்பு. இலகுவான வில்லுக்கு வளைந்து கொடுக்கும் அம்பு, பலமான வில்லுக்கு விறைத்த அம்பு. ஒரே குழாயை வெட்டிக் குட்டையாக்கினால் அதன் விறைப்பு கூடும். இந்த ஒரு விஷயத்தை மறக்காதீர்கள், கதையில் மறுபடி வரும்.

பலகையில் எய்பவருக்கு அம்புகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்ததாக இருந்து பயனில்லை. வேட்டைக்காரருக்கு அப்படியல்ல. அவர் எய்யப் போவது ஒன்றுதான். அது கனமாக, விறைப்பாக, கூர் பிளேடு முனையோடு இருக்க வேண்டும். அந்த முனையை நான் கிளப்பில் வைத்திருந்ததில்லை. மானேஜரின் அனுமதியோடு காட்டோர எல்லையில் பன்றிக்குப் போகும் இரண்டொருவர் தாங்களே வாங்கி வைத்திருந்தார்கள். தேயிலைக் காட்டுக்குள் வேட்டை கிடையாது என்பது எஸ்டேட்டின் கண்டிப்பான விதி. காலையில் பனி இறங்கினால் பக்கத்துச் செடியில் நிற்பவர் யாரென்று தெரியாது. அந்தப் பனிக்குள்தான் எங்கள் பெண்கள் கொழுந்து எடுக்கிறார்கள்.

யார் அம்பு எது என்று தெரிவதற்காக இறகுக்குக் கீழே ஆளுக்கொரு நிறத்தில் வளையம் தீட்டுவோம். லாரி டிரைவர் மாரிமுத்துவுக்குச் சிவப்பு வளையம், நடுவே மெல்லிய வெள்ளை. அவர்தான் கிளப்பிலேயே நீண்ட கைக்காரர். அவருடைய அம்புகள் அடுக்கில் மற்றவற்றைவிடத் தலை தூக்கி நிற்கும். "அண்ணே, இது அம்பா, கொடிக்கம்பமா?" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். "ஒங்களுக்குக் கை சின்னது, அதுக்கு நான் என்ன செய்றதுலா?" என்பார் அவர்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பலகைக்குப் பின்னால் இருப்பது தேயிலைச் சரிவு. தவறிய அம்பு அங்கேதான் போகும். கொழுந்து எடுக்கும் பெண்களின் கையில் அது கிடைத்தால் காலில் படாமல் எடுத்து, வேல் என்று எண்ணியோ என்னவோ கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிறுவைக் கொட்டகைத் தூணில் கட்டியிருந்த மூங்கில் கூடையில் செருகிவைப்பார்கள். கொழுந்து ஏற்ற வரும் லாரியில் மாரிமுத்து அவற்றை எடுத்துவந்து என்னிடம் தருவார். பல வருடங்களாக நடந்தது. எல்லோருக்கும் பிடித்த ஏற்பாடு. எனக்கும் பிடித்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலக் காலை. பள்ளத்தை ஒட்டிய தேயிலைக் காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அஞ்சலைக்கு முதுகில் யாரோ இடித்ததுபோல் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவளிடம் "ஏண்டி இடிக்கிற?" என்று சண்டை போட்டிருக்கிறாள். அவளோ "நான் இல்லை" என்று சத்தியம் செய்திருக்கிறாள். இருவரும் கோபித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். நிறுவைக்கு வந்து முதுகைத் திருப்பியபோது வரிசையில் நின்ற ஒருத்தி, "என்னக்கா, கூடையில கொம்பு முளைச்சிருக்கு?" என்று கேட்டாள். முதுகுக் கூடையில் ஓர் அம்பு. உள்ளே அடைத்திருந்த கொழுந்தில் முனை புதைந்து நின்றது. கூடை பாதிதான் நிறைந்திருந்தால் அது எங்கே போய் நின்றிருக்கும் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

அந்தக் காட்டின் கங்காணி பெருமாள் அம்பைப் பிடுங்கிப் பார்த்து, "இது டிரைவர் மாரிமுத்து அம்பு" என்றார்.

செய்தி தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குப் போவதற்குள் காரணமும் சேர்ந்துகொண்டது. தண்ணீர்க் குழாய் விஷயத்தில் மாரிமுத்துவுக்கும் அஞ்சலையின் புருஷனுக்கும் சில நாள்களுக்கு முன் பெரிய வாய்ச் சண்டை. "ஒரு நாளைக்குப் பாரு" என்று மாரிமுத்து சொன்னதைக் குழாயடியில் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குமேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. சொல்லிவிடுகிறேன், எனக்கும் தேவைப்படவில்லை.

ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மானேஜர் பினாங்குத் தமிழர். வெள்ளைக்காரர்கள் போய் எத்தனையோ காலமாகியும் அவரையும் நாங்கள் துரை என்றே கூப்பிட்டோம். மேசை மேல் அம்பு கிடந்தது. ஒரு பக்கம் பெருமாள் கங்காணி கை கட்டி நின்றார். மறுபக்கம் மாரிமுத்து. அஞ்சலை வெளி வராந்தாவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

துரை அம்பைக் காட்டிக் கேட்டார்: "கிளப் அம்புதானே?"

"ஆமாங்க தொரை."

"வளையம் யாருது?"

"மாரிமுத்துவோடது."

மாரிமுத்து என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தாம் கேட்டது சரிதானா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

அந்த நேரத்தில் டயர் எடுக்க லாரியில் ரிங்லெட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னார். வழியில் யார் பார்த்தது என்று துரை கேட்டார். "பனியில யாரு யாரைப் பாக்கிறது தொரை?" என்றார். உண்மையான பதில்தான். உதவாத பதிலும்கூட. போலீசுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்றும், வேலை போனால் லயத்து வீட்டையும் மாத முடிவுக்குள் விட வேண்டியிருக்கும் என்றும் துரை சொன்னார். மாரிமுத்துவின் மகள் அப்போது தானா ராத்தாவில் ஐந்தாம் படிவப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு போனால் பள்ளிக்கூடமும் போகும்.

நான் வந்த வேலை முடிந்திருந்தது. வளையத்தைக் கேட்டார்கள், சொல்லிவிட்டேன். புறப்படும்போது பழக்கத்தால் அம்பைக் கையில் எடுத்தேன். காதருகே கொண்டுபோகத் தூக்கினேன். அப்போதுதான் கை உணர்ந்தது. அது மாரிமுத்துவின் அம்புக்கு உரிய நீளத்தில் இல்லை.

நாங்கள் எல்லோரும் வளையம் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பின் கதை மறுமுனையில் இருந்தது. அதில் பிளேடு முனை ஏறியிருந்தது. குழாய் ஏறக்குறைய நான்கு விரல் அகலம் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டு வாய் இரும்பு ரம்பத்தால் அறுத்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. நான் வெட்டினால் அப்படி விட மாட்டேன்.

துரையிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டேன். கிளப்புக்கு நடந்து போகும்போது என் மனம் மாரிமுத்துவின் பக்கம் சாய்ந்துவிடவில்லை. அவரே வெட்டியிருக்கலாம், அகப்பட்டால் இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம் என்றும் யோசித்திருக்கலாம். இரக்கப்பட்டு முடிவு செய்யக் கூடாது, கோபப்பட்டும் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறையிலிருந்து அவருடைய வில்லையும் அளவு அம்பையும் எடுத்துக்கொண்டேன். அளவு அம்பு உங்களுக்குத் தெரியும்: முனையில்லாத நீண்ட குச்சி, மேலே அங்குலக் கோடுகள். ஆளை இழுக்கச் சொல்லி, வில்லின் முகப்பில் எந்தக் கோடு நிற்கிறது என்று பார்ப்போம். ஆளின் அளவை அவர் வாயால் கேட்காமல் அவர் கையைக் கேட்பதற்காக வைத்திருப்பது.

ஆபீசில் மாரிமுத்துவிடம் கொடுத்து இழுக்கச் சொன்னேன். முதல் தடவை இழுத்ததை நான் ஏற்கவில்லை. அறிந்தே குறைத்து இழுக்கிறாரோ கூட்டி இழுக்கிறாரோ என்று சந்தேகம். பேச்சுக் கொடுத்தேன். மூன்றாவது தடவை அவர் தன்னை மறந்து, பலகையின் முன் நிற்பதுபோலவே இழுத்து நின்றார். கோட்டைப் பார்த்தேன். பிறகு வெட்டுப்பட்ட அம்பை அளவு அம்பின் பக்கத்தில் வைத்துத் துரைக்குக் காட்டினேன். இந்த அம்பை அவர் இப்படி இழுத்திருந்தால் பிளேடு முனை வில்லுக்கு உள்ளே வந்து அவருடைய கட்டைவிரலைச் சீவியிருக்கும். அவருடைய இரண்டு கையிலும் ஒரு கீறல் இல்லை.

துரை எளிதில் விடுகிறவர் அல்ல. "கொஞ்சமா இழுத்து விட்டிருக்கலாமே?" என்றார்.

நல்ல கேள்வி. என்னிடம் யாராவது இப்படி நிரூபிக்க வந்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். மாரிமுத்துவின் வில் பலகைக்கான இலகு வில், அதைப் பாதி இழுத்து விட்டால் இந்தக் கனமான முனையைத் தூக்கிக்கொண்டு அம்பு ஒரு செடி வரிசையைக்கூடத் தாண்டாது என்று சொன்னேன். இதுவோ கிளைகளைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறது; இறகில் தேயிலைப் பட்டை ஒட்டியிருந்தது. குழாயை வெட்டியது விறைப்பைக் கூட்டுவதற்காக. அப்படியானால் அதை எய்த வில் பலமானது, எய்தவருக்குக் கை குட்டை. முன்பு இங்கிருந்து போன வெள்ளைக்கார இன்ஜினியர் தன் வேட்டை வில்லை யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார். யாரிடம் என்று எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன்.

அதுவரை வாய் திறக்காத பெருமாள் கங்காணி, "காட்டுக்குள்ள இருக்கிற ஓராங் அஸ்லி யாராச்சும் எடுத்திருப்பாங்க தொரை" என்றார்.

அந்தப் பழங்குடி மக்கள் ஊதுகுழலால் நச்சு முள்ளை ஊதி வேட்டையாடுகிறவர்கள். வில்லும் வேண்டாம், எங்கள் அம்பும் வேண்டாம். ஆனால் என்னை உறுத்தியது அது அல்ல. காலையில் ஒரு பெயரைச் சொன்னவர் அந்தப் பெயர் நழுவியதும் இன்னொன்றை எடுத்துக் கொடுக்கிறாரே என்று தோன்றியது. அப்போதுதான் கட்டியிருந்த அவருடைய கைகளைப் பார்த்தேன். பருத்த, குட்டையான கைகள். எஸ்டேட்டில் அப்படிப்பட்ட கைகள் எத்தனையோ உண்டு. அதை வைத்து ஒருவரைப் பிடித்துக் கொடுத்தால், வளையத்தை வைத்து மாரிமுத்துவைப் பிடித்ததற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. அஞ்சலையை ஒரு வார்த்தை கேட்கலாமா என்று மட்டும் துரையிடம் கேட்டேன்.

அவள் கதவோரம் வந்து நின்றாள். இடிபட்டபோது பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று துரை கேட்டார். அவள் பயந்துபோனாள். தான் வேலை நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள்.

"தப்புதாங்க தொரை. கங்காணி இருந்தா பேச விடுவாரா? பள்ளத்துப் பக்கம் போனவரு ரொம்ப நேரமா வரல. அதனாலதான் நாங்க கதை பேசிக்கிட்டே எடுத்தோம்."

துரை அளவு அம்பையும் வில்லையும் எடுத்துக் கங்காணியின் பக்கம் நீட்டினார். பெருமாள் அவற்றைத் தொடவில்லை.

"பன்னின்னு நெனச்சேன் தொரை," என்றார். "செடி அசைஞ்சிச்சி. என் தோட்டத்துல ஒரு கிழங்கு விடல அந்தப் பன்னி. சத்தியமா பன்னின்னுதான் நெனச்சேன்."

அஞ்சலை கேட்டாள்: "என் முதுகு ஒங்களுக்குப் பன்னியாட்டமா தெரிஞ்சிச்சி?"

பெருமாளிடம், ஏன் மாரிமுத்துவின் அம்பு என்று துரை கேட்டதற்கு, கொட்டகைக் கூடையில் கிடந்தவற்றில் அதுதான் நீளம், வெட்டினால் தன் கைக்கும் வில்லுக்கும் சரியாக வரும் என்று எடுத்ததாகச் சொன்னார். வளையத்தைத் தான் கவனிக்கவே இல்லை என்றும் சொன்னார். பன்றி என்று நினைத்ததை நான் நம்புகிறேன். வளையத்தைக் கவனிக்கவில்லை என்பதை இன்றும் நம்பவில்லை. நிறுவைக் கொட்டகையில் அம்பைப் பிடுங்கிய கையோடு அவர் படித்த முதல் விஷயம் அதுதான்.

கங்காணி வேலை போயிற்று. ரிங்லெட் பக்கம் தம்பியின் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்ஜினியரின் வில் பள்ளத்துப் புதரில் சாக்கில் சுற்றிக் கிடைத்தது. கொட்டகைத் தூணிலிருந்து அந்த மூங்கில் கூடையை நானே அவிழ்த்தேன். கண்டெடுக்கும் அம்பை என் கையில்தான் தர வேண்டும் என்று, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டில் சொல்லச் சொன்னேன். "சாமிக்குக் குடுக்கிறத கிராணி வாங்கிக்கிறாரு" என்று பெண்கள் கொஞ்ச நாள் என்னைக் கிண்டல் செய்தார்கள். பல வருடங்களாக யாரும் தவறாகப் பயன்படுத்தவில்லை என்பதால் அந்தக் கூடையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. கண்ணுக்கு நேராகத் தெரிந்த மர அம்பைப் போலத்தான் அதுவும்.

மறுவாரம் மாரிமுத்து அம்பு அறைக்கு வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று நான் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் தம் அம்புகளை மேசையில் வைத்தார். இனிமேல் அம்பெய்யத் திடலுக்கு வரப்போவதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன்.

"அண்ணே, வளையம் யாருதுன்னு தொரை கேட்டதும் ஒடனே சொல்லிட்டீங்க. அப்புறம் கை நீளத்தை வச்சிக் காப்பாத்துனீங்க. சரி. என் கை குட்டையா இருந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

கேட்டுவிட்டு அவர் வெளியே போய் லாரியைக் கிளப்பினார்.

அந்த அம்புகள் இப்போதும் அடுக்கின் வலது ஓரத்தில் மற்றவற்றைவிடத் தலை தூக்கி நிற்கின்றன. சாவியோடு அவற்றையும் உங்களிடம் ஒப்படைக்கிறேன். அவ்வளவு நீளக் கைக்காரர் அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வீணாகக் கிடக்கிறதே, வெட்டித் தாருங்கள் என்று அவ்வப்போது யாராவது உங்களிடம் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். நான் வெட்டவில்லை.